பாதி எண்ணெய் காட்டும் கண்ணாடி

எந்த இயந்திரத்தையும் ஓட்டத் தொடங்கும் முன் அதன் எண்ணெய் மட்டத்தை ஓட்டுபவர் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். பார்க்க இயலாத நிலையில் இயந்திரத்தை ஓட்டக்கூடாது. அந்தக் குறையை எழுத்து மூலம் மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும். எங்கள் துறையின் பணிமனைக் கையேட்டில் இருந்த விதி இது. அட்டை கிழிந்த அந்தக் கையேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓய்வு பெறும்போது நான் திருப்பி ஒப்படைக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் அது இல்லை. பட்டியலைத் தயாரித்தது நான்தான்.

விதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 'கண்ணால் பார்த்து' என்று எழுதும்போது மட்டும் அந்தப் புண்ணியவான் கொஞ்சம் யோசித்திருக்கலாம். கண்ணுக்கு என்ன, எதைக் காட்டினாலும் பார்த்துவிடும்.

ஓய்வு பெற்ற நாளிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியவில்லை. காலையில் எழுந்ததும் வாசல் கேட்டின் கீலுக்கு எண்ணெய் விடுவேன். பிறகு எதிர்வீட்டுக் கேட்டுக்கும் விடுவேன். அவர்கள் கேட்டதில்லைதான், ஆனால் அது கிறீச்சிடுகிறதே, என்ன செய்வது? அடுத்து மின்விசிறியைக் கழற்றுவேன். "நல்லாத்தானே சுத்திட்டிருந்திச்சு?" என்பாள் என் மனைவி. நன்றாகச் சுற்றும்போதே கழற்றுவதற்குத்தான் தடுப்புப் பராமரிப்பு என்று பெயர் என விளக்குவேன். "அப்படின்னா நல்லா இருக்கும்போதே நீங்களும் ஒரு தடவ ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்களேன்" என்பாள். அவளோடு விவாதிக்க என் கையேட்டில் விதி கிடையாது.

இந்தத் தடுப்புப் பராமரிப்பில்தான் கடந்த மே மாதக் கடைசியில் வீட்டுத் தண்ணீர் மோட்டாரின் தண்டை நானே கெடுத்துவைத்தேன். பெரம்பலூரில் கேட்ட கடைகளிலெல்லாம் புது மோட்டாரையே எடுத்துக் காட்டினார்கள். கடைசியில் ஒருவர், லப்பைக்குடிக்காட்டில் ஒரு பாய் இன்னும் தண்டு கடைந்து கொடுக்கிறார் என்றார். தண்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

கடைத்தெருவில் அத்தர் வாசனை. வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் எழும்பிய மாடிவீடுகள். அவற்றைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகை. உள்ளே போகும் முன்பே அந்த வாசனை வந்துவிட்டது: சூடான இரும்பில் வெட்டெண்ணெய் கருகும் வாசனை, பால் பொங்கி அடுப்பில் வழிந்த மாதிரி. அந்த வாசனை வந்தால் என் கை தானாகச் சட்டைக்கையை மடிக்கும். மடித்துக்கொண்டே உள்ளே போனேன், அப்படியே நின்றேன்.

லேத்து எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. முதுகைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அந்தப் பச்சை! எந்தக் கம்பெனியும் தயாரிக்காத பச்சை. மாநிலச் சாலை மைல்கல்லின் பச்சையோடு ஊர்ப்பெயர்ப் பலகையின் நீலத்தைக் கலந்தால் மட்டுமே வரும் நிறம். கலந்தவரின் கை எனக்குத் தெரியும்.

"பாய், இது அரியலூர் மிஷின்தானே?"

அபூபக்கர் பாய் மோட்டாரை நிறுத்தினார். என்னைவிடச் சில வயது இளையவர். சவூதியில் பட்டறை வேலை பார்த்துத் திரும்பியவர். "ஆமா சார். கவர்மெண்டு ஏலத்துல எடுத்தேன். ஓடவே ஓடாதுன்னு எழுதி வேற குடுத்தாங்க. தொறந்து பாத்தா ரெண்டு புஷ்ஷு, ஒரு பல்சக்கரம், அம்புட்டுத்தான் போயிருந்திச்சு. ஆனா பெட்டப் பாக்கணுமே நீங்க, மாஷா அல்லா! எங்க அத்தா இடுப்புல கட்டுற பச்ச பெல்ட்டத்தான் அப்படித் தொடைப்பாரு. எவனோ ஒருத்தன் தெனமும் தொடச்சிருக்கான் சார்."

"அந்த எவனோ ஒருத்தன் பேரு கலியபெருமாள்" என்றேன்.

லேத்தின்மேல் விரலை இழுத்துப் பார்த்தேன். தூசி ஒட்டவில்லை.

நண்பரே, அரியலூர்த் தூசியைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். மற்ற ஊர்களில் தூசி படியும். எங்கள் ஊரில் அது பெய்யும். எங்கள் பணிமனை சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சாலையோரம் இருந்தது. ஒவ்வொரு லாரிக்கும் ஒரு வெள்ளைப் புகை எழுந்து, ஷட்டர் வழியாக உள்ளே வந்து, எதன்மேல் உட்காரலாம் என்று பார்க்கும். எண்ணெய்ப் பசை உள்ள இடம்தான் அதற்குப் பிடிக்கும். லேத்தின் நீண்ட உடம்பை, அதாவது மற்ற பாகங்கள் வழுக்கிக்கொண்டு நகரும் அந்தத் தண்டவாளத்தை, பெட் என்போம். எப்போதும் எண்ணெய் மின்னும் இடம் அதுதான். சுண்ணாம்புத் தூளும் எண்ணெயும் சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி ஒரு பசை. ஒவ்வொரு நகர்விலும் இரும்பைத் தின்னும்.

சாலை போடும் உருளை வண்டிகள், தார் கொதிகலன்கள் இவற்றின் உதிரிப் பாகங்களைக் கடைந்து கொடுப்பது எங்கள் பணிமனையின் வேலை. நான் ஃபோர்மேன். கலியபெருமாள் டர்னர், கீழப்பழுவூர்க்காரர், வயதில் எனக்கு மூத்தவர். அவருக்கு அடக்கம் என்ற குணம் எந்தப் பாகத்திலும் பொருத்தப்படவில்லை. "இந்த ஜில்லாவுல ரெண்டே பேருக்குத்தான் லேத்து ஓட்டத் தெரியும். இன்னொருத்தன் செத்துட்டான்" என்பார். லேத்துப் பக்கத்தில் யாராவது காற்றுக் குழாயை எடுத்தால் போதும், சண்டைக்கு வந்துவிடுவார். காற்றடித்தால் இரும்புத் தூள் வெளியே போகாது, இடுக்குகளுக்குள் போய்க் குடியிருக்கும் என்பது அவர் வாதம். விதியும் அதுதான். நாங்கள் இருவரும் ஒத்துப்போன மிகச் சில விஷயங்களில் அது ஒன்று.

வேலை முடிந்ததும் கொக்கியால் இரும்புச் சுருள்களை இழுத்துப் போடுவார். பிரஷ்ஷால் தட்டுவார். பிறகு திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட்டில் நல்ல வெள்ளைத் துண்டாகப் பார்த்துத் தேடி எடுத்துத் துடைப்பார். கலர்த் துண்டில் அழுக்கு தெரியாதாம். துடைத்து, எண்ணெய் தடவி, தன் பழைய வேட்டியைப் போர்த்திவிட்டுத்தான் கிளம்புவார். காலையில் வேட்டியை எடுக்கும்போது ஓரத்தை மெல்லச் சுருட்டிச் சுருட்டி எடுப்பார், மேலிருக்கும் தூசி ஒரு பொட்டு உள்ளே விழாமல். "வூட்டுல போர்வைய மடிக்கிறீங்களாய்யா?" என்று நான் ஒருமுறை கேட்டேன். "வூட்டுல போர்த்துறதே இல்ல சார். வேட்டி இங்க கெடக்குதே" என்றார்.

துடைப்பதற்குத் துணி இருந்தது. தடவுவதற்கு எண்ணெய்தான் இல்லை.

இது அரசாங்க வேலை பார்க்காதவர்களுக்குப் புரியாது. எங்களுக்கு எண்ணெய் வேண்டுமென்றால் பெரம்பலூர் கோட்ட அலுவலகத்துக்குத் தேவைப்பட்டியல் அனுப்ப வேண்டும். அவர்கள் திருச்சிக்கு அனுப்புவார்கள். திருச்சி, ஏன் இவ்வளவு என்று கேட்கும். ஆனால் பெயிண்ட் அப்படியில்லை. மைல்கல்லுக்கும் பாலக் கைப்பிடிச் சுவருக்கும் என்று டின் டின்னாக வந்து இறங்கும். எங்கள் பணிமனையில் எண்ணெய் இல்லாத நாள் உண்டு, பெயிண்ட் இல்லாத நாள் கிடையாது. ஆகவே எது அழுக்கானாலும் பெயிண்ட் அடிப்பது என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது. மேலதிகாரி வருகிறார் என்றால் முதல்நாளே மேசை, நாற்காலி, வாளி, மண்வெட்டிக் காம்பு, எல்லாம் பச்சை. எண்ணெய் விடும் துளைகளும் பச்சை. அதிகாரி போன பிறகு கலியபெருமாள் ஊசியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு துளையாகத் திட்டிக்கொண்டே குத்தித் திறப்பார்.

பெயிண்டர் சின்னதம்பிக்கு ஊர் குரும்பலூர். மைல்கல்லில் எண் எழுத அவரைப் போல் இன்னொருவர் கிடையாது. ஆனால் எண்ணோடு நிற்க மாட்டார். கால்நடை மருத்துவமனைப் பலகையில் அவர் வரைந்த கன்றுக்குட்டியைப் பார்த்து, நிஜ மாடு ஒன்று மடி சுரந்து நின்றதாக அவரே சொல்லுவார். யாரும் மறுத்ததில்லை, மறுத்தால் இன்னொரு கதை வரும்.

இனி அந்தக் கண்ணாடி. லேத்தின் இடது கோடியில் பல்சக்கரங்கள் சுழலும் தலைப்பெட்டி இருக்கும். அவை எண்ணெயில் நனைந்துகொண்டே சுற்ற வேண்டும். எண்ணெய் எவ்வளவு இருக்கிறதென்று பார்ப்பதற்காகப் பெட்டியின் முகத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வட்டக் கண்ணாடி பதித்திருப்பார்கள். பாதி தெரிந்தால் போதும். எங்கள் லேத்தின் கண்ணாடி வருடக்கணக்கில் பெயிண்ட்டும் தின்னரும் பட்டுப் பட்டு, புரை விழுந்த கண் மாதிரி ஆகிவிட்டது. விரிசலும் விட்டுவிட்டது. எண்ணெய் மெல்லக் கசியும். கலியபெருமாள் மேல்மூடியைத் திறந்து சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்றை உள்ளே விட்டு அளந்து, குறைந்த அளவுக்கு ஊற்றிக்கொள்வார். அந்தக் கம்பி லேத்துக்கு மேலே ஓர் ஆணியில் தொங்கும்.

ஆய்வுக்கு வந்த மேலதிகாரி குனிந்து பார்த்தார். 'எண்ணெய் மட்டம் தெரியவில்லை. அடுத்த ஆய்வுக்குள் சரிசெய்க' என்று எழுதிவிட்டுப் போனார். சரியாகத்தான் எழுதினார். நானும் சரியாகத்தான் செய்தேன். குறையை விவரித்து, புதுக் கண்ணாடி ஒன்றும் எண்ணெயும் கேட்டு, அன்றைக்கே கோட்ட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பினேன். லேத்தை நிறுத்தவும் சொன்னேன். "நிறுத்துறேன் சார். வாசல்ல நிக்கிற ரோடு ரோலருக்கு யாரு பதில் சொல்றது?" என்றார் கலியபெருமாள். ரோடு ரோலர்களை நிறுத்தி வைப்பது பற்றிய விதி வேறு கையேட்டில் இருந்தது. லேத்து ஓடியது.

பதில் வரவில்லை. அடுத்த ஆய்வு வந்துவிட்டது. நான் அன்று பெரம்பலூரில் ஒரு கூட்டத்தில், எண்ணெய்ச் சிக்கனம் பற்றி ஒருவர் பேசக் கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தால் பணிமனையே மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆய்வுப் பதிவேட்டில் 'குறை நிவர்த்தி செய்யப்பட்டது. திருப்தி' என்று அதிகாரியின் கையெழுத்து. கண்ணாடி வந்துவிட்டதா என்று ஓடிப்போய்ப் பார்த்தேன்.

கண்ணாடி வரவில்லை. பழைய கண்ணாடியின் கீழ்ப்பாதியில் தேன் நிறத்தில் எண்ணெய் நின்றது. மேல்பாதி வெள்ளை. இரண்டுக்கும் நடுவே ஓரங்களில் லேசாக மேலேறிய மெல்லிய கோடு, நிஜ எண்ணெய் கண்ணாடியைத் தொட்டு நிற்பதுபோலவே. ஒரு சின்னக் குமிழிகூட இருந்தது. விரலால் தொட்டேன். காய்ந்த எனாமல்.

"சின்னதம்பி, என்னய்யா இது?"

"எண்ணெய் தெரியலன்னுதானே சார் எழுதிட்டுப் போனாரு? இப்பத் தெரியுது."

"குமிழி எதுக்கு?"

"ஒரு உசுரு வேணாமா சார்?"

சுரண்டச் சொன்னேன். தடுத்தது கலியபெருமாள்தான். "சுரண்டாதீங்க சார். அந்தப் பெயிண்டுதான் விரிசல அடச்சிட்டு நிக்கிது. ஒழுகுறது கொறஞ்சிருக்கு. நமக்குத்தான் கம்பி இருக்கே." உண்மைதான். என்னாலும் மறுக்க முடியவில்லை. அங்கீகரிக்கப்பட்ட ஏற்பாட்டை மாற்ற முன் அனுமதி வேறு வேண்டும். அதன் பிறகு எத்தனை அதிகாரிகள் வந்தாலும் எங்கள் லேத்தில் எண்ணெய் எப்போதும் பாதி. சித்திரை வெயிலிலும் பாதி, ஐப்பசி மழையிலும் பாதி.

கலியபெருமாள் மகளுக்குப் பிரசவம் என்று தஞ்சாவூர் போனார். மாற்று ஏற்பாடாகப் பெரம்பலூரிலிருந்து ஒரு டர்னரை அனுப்பினார்கள். நானும் அதே நாள்களில் விடுப்பில் இருக்க, அவர் வந்து சேர்ந்தார். விதி தெரிந்த மனிதர். லேத்தைத் தொடங்கும் முன் எண்ணெய் மட்டத்தைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொண்டார். ஆணியில் தொங்கிய கம்பி, சுருள் இழுக்கும் கொக்கி என்று நினைத்தாராம். அதை வைத்துச் சுருள் இழுத்திருக்கிறார். ஓட்டினார், ஓட்டினார். விடுப்பு முடிந்து கலியபெருமாள் வருவதற்கு முந்தைய நாள் தலைப்பெட்டி ஓர் அலறல் அலறி நின்றுவிட்டது.

"பாதி இருந்துச்சே சார்! நான் கண்ணால பாத்தேனே!" என்று அந்த மனிதர் அழாத குறை.

குறிப்பாணை வந்தது கலியபெருமாளுக்கு. இயந்திரம் அவர் பொறுப்பில் இருந்ததாகத்தான் பதிவு. எண்ணெய் இல்லாமல் ஓடவிட்டுப் பொதுச் சொத்தைச் சேதப்படுத்தினார். கண்ணாடியில் குறை இருந்திருந்தால் எழுத்து மூலம் தெரிவித்திருக்க வேண்டும், தெரிவிக்கவில்லை என்று குற்றச்சாட்டு. பதினேழு பி, வேலையையே பறிக்கக்கூடிய பிரிவு. எங்கள் உலகத்தில் அந்தப் பெயரைக் கேட்டால் குறட்டை விடுகிறவனும் எழுந்து உட்காருவான்.

கலியபெருமாளுக்கு அப்போது ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஜூன் முப்பது, பிற்பகல். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் ஜூன் மாதம் பிறந்தவர்கள். பிறந்த தேதி தெரியாமல் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிவந்த பிள்ளைகளுக்கெல்லாம், பள்ளி திறக்கும் மாதமாகப் பார்த்து வாத்தியார் ஒரு தேதி போட்டுவிடுவார். அப்படி ஒரு வாத்தியார் போட்ட தேதிக்குள் குற்றச்சாட்டு முடியாவிட்டால் ஓய்வு பெற விடமாட்டார்கள். வேலையும் இல்லாமல் ஓய்வும் இல்லாமல் நடுவில் நிறுத்திவிடுவார்கள். முழுப் பென்ஷனும் கிடைக்காது. அதைவிட அவருக்கு வலித்தது வேறு. "எண்ணெய் இல்லாம மிஷின எரிச்சவன்னு என்னய எழுதிட்டாங்களே சார். நாம லெட்டரு போட்டோம்னு சொல்லுங்க. அத மட்டும் அவங்க ஒத்துக்கிட்டாப் போதும்."

நான் பெரம்பலூருக்கு நடையாய் நடந்தேன். தபால் பிரிவில் வளர்மதி என்று ஓர் இளம்பெண், வேலைக்கு வந்து கொஞ்சநாள்தான் ஆகியிருந்தது. மேசை அத்தனை சுத்தம். இழுப்பறைகளுக்கெல்லாம் பழுப்புத்தாள் விரித்திருந்தாள்.

"சார், அப்படி ஒரு தபால் வரலைங்க."

"அனுப்பினதுக்கு ரசீது இருக்கும்மா."

"அது நீங்க அனுப்பினதுக்கு சார். எங்களுக்கு வந்ததுக்கு இல்லையே?"

விதிப்படி அவள் சொன்னது சரி. விதி தெரிந்த ஒருவரை எதிரில் சந்திப்பது எவ்வளவு எரிச்சலானது என்று அன்றுதான் என் மனைவியின் பக்கமும் எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

அந்த ஜூன் முப்பதும் வந்தது. காலையிலிருந்து கலியபெருமாள் செத்துப்போன லேத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். இனி ஓடவே போகாத இயந்திரத்தின் இடுக்குகளில் கொக்கியை விட்டுத் தூள் எடுத்தார். பெட் முழுக்கக் கிரீஸ் பூசினார். "தூசி உள்ள போவக்கூடாது சார்" என்றார், நான் எதுவும் கேட்காமலே. சின்னதம்பி மாலை வாங்கி வந்து வாளியில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார். ஓய்வு பெறுகிறவரைத் துறை ஜீப்பில் வீட்டில் கொண்டுபோய் விடுவது எங்கள் வழக்கம். ஜீப் கேட்டு எழுதியிருந்தேன். அதற்கு மட்டும் உடனே அனுமதி வந்திருந்தது.

சாலையில் எந்தச் சத்தம் கேட்டாலும் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். நான் வாசலுக்கும் லேத்துக்குமாக நடந்தேன். மணி ஐந்து நெருங்க நெருங்க, இனி நிறுத்திவைக்கும் ஆணை வராது என்று ஒரு நம்பிக்கை. ஜீப் வந்தது. ஓட்டுநர் இறங்கி, சட்டைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்து என்னிடம் நீட்டினார். கலியபெருமாளை வீட்டில் விட வந்த அதே ஜீப்பில்தான் அந்த ஆணையும் வந்தது. ஓய்வு பெற அனுமதிக்கப்படவில்லை, பணியிடை நீக்கம்.

சின்னதம்பி கையில் மாலையோடு நின்றார், தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இத என்னங்க பண்றது?" என்றார்.

கலியபெருமாள் மாலையை வாங்கி லேத்தின் தலைப்பெட்டிமேல் போட்டார். "இதுக்குப் போடுங்க. நம்மள்ல ரிட்டயர் ஆனது இது ஒண்ணுதான்." அப்புறம், "தண்ணி சொட்டுது, துரு புடிச்சிடும்" என்று தானே எடுத்துத் துடைத்துவிட்டு, மாலையைக் கையில் சுருட்டிக்கொண்டு டவுன் பஸ்சுக்கு நடந்தார். ஜீப் காலியாகத் திரும்பியது.

விசாரணை அலுவலர் வந்தபோது அடுத்த வருட மழைக்காலம். நாங்கள் லேத்தை உள்ளது உள்ளபடி வைத்திருந்தோம், விதி அப்படி. அவர் குடையை மடக்கி மூலையில் வைத்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தலைப்பெட்டிக்கு முன்னால் குனிந்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு சுருக்கெழுத்தரைப் பார்த்துச் சொன்னார்:

"எழுதிக்கங்க. நேரில் ஆய்வு செய்ததில் எண்ணெய் மட்டம் பாதி உள்ளது. போதுமானது."

சின்னதம்பிக்கு இருமல் வந்தது. ஷட்டர் பக்கம் போய் இருமினார். கலியபெருமாள் வாயைத் திறந்தார்.

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றேன். விசாரணையில் அதுதான் நடைமுறை. அலுவலர் எதுவும் கேட்கவுமில்லை.

எண்ணெய் இல்லை என்பது குற்றச்சாட்டு. எண்ணெய் இருக்கிறது என்று விசாரணை அலுவலரே நேரில் கண்டு பதிந்துவிட்டார். அப்புறம் என்ன இருக்கிறது? குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை, இயந்திரத்தின் வயது காரணமாகப் பழுது என்று முடிந்தது. முன்தேதியிட்டு ஓய்வு கொடுத்தார்கள். பென்ஷன் வந்தது. ஆணையை எடுத்துக்கொண்டு நானே கீழப்பழுவூருக்குப் போனேன். டீக்கடையில் படித்துக் காட்டினேன். அவர் முகம் மலரவில்லை.

"என்ன சார் இது? நாம சொன்னோம்கிறது எங்க?"

"அதுக்கு அவசியமே இல்லாமப் போச்சுங்க."

"வயசான மிஷினாம்ல? அதுக்கா வயசு? பெட்டப் பாத்தாரா அந்த ஆளு? எண்ணெய் இருந்தும் கெட்டுப்போச்சுன்னா, வச்சிருந்தவன் லட்சணம் அப்படின்னுதான சார் அர்த்தம்?" டீயை வைத்துவிட்டார். "நீங்க பென்ஷன வாங்கிக் குடுத்தீங்க. நல்லா இருங்க. ஆனா பெயிண்டுல வரஞ்ச எண்ணெயில என்னயக் காப்பாத்திட்டீங்க."

நான் செய்தது சரிதான் என்று இன்றும் சொல்லுவேன். சொல்லிக்கொண்டே எதிர்வீட்டுக் கேட்டுக்கு எண்ணெய் விடப் போவேன்.

அபூபக்கர் பாய் என் தண்டைக் கடைந்து முடித்ததும் ஓர் இழுப்பறையைத் துழாவி அந்தக் கண்ணாடியை எடுத்தார். புதுசு மாட்டியபோது கழற்றி வைத்ததாம். தேன் நிறம் கொஞ்சமும் மங்கவில்லை. குமிழியும் அங்கேயே இருந்தது. "இப்படி ஒரு கூத்த நான் சவூதியிலகூடப் பாத்ததில்ல சார். ஒங்க பொருளு, நீங்களே வச்சிக்கங்க" என்று பனியன் வேஸ்ட்டில் சுற்றிக் கொடுத்தார். அது என் மேசையில் இருக்கிறது, கலியபெருமாளுக்கும் போனில் சொல்லிவிட்டேன். அரியலூர்ப் பணிமனை இல்லை. அந்த இடத்தில் ஒரு பேக்கரியும் செல்போன் கடையும் இருக்கின்றன. பலகைகளில் இப்போது ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள், சின்னதம்பியும் போய்ச் சேர்ந்துவிட்டார். லாரிகளும் தூசியும் மட்டும் அப்படியே. அங்கே கேக்கின்மேல் அது படிவதைப் பார்த்தால் என் கை வெள்ளைத் துணி தேடுகிறது.

லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்த அடுத்த மாதக் கடைசியில், சாப்பிட்டுவிட்டு உட்கார முடியாமல் ஜன்னல் கொக்கிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டர் ஒன்று வந்து நின்றது. கோட்ட அலுவலகத்து உதவியாளர்.

"ஃபோர்மேன் சார் வூடு இதுதானுங்களா? வளர்மதி மேடம் குடுத்தனுப்பினாங்க. சூப்பிரண்டு மேடம். இன்னிக்கு அவங்களுக்கு ரிட்டயர்மெண்டு. டேபிள்ல ஒண்ணும் நிலுவை இல்லன்னு எழுதிக் குடுக்கணும்ல? பழைய டேபிளு, டிராயர்ல விரிச்சிருந்த தாளெல்லாம் எடுத்தோம். அதுக்கு அடியில ஒங்க பழைய லெட்டரு கெடந்திச்சு. அதுக்கு இன்னிக்கே பதில் போட்டுட்டாங்க." சொல்லத் தயங்கினார். "ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க சார்."

"என்ன?"

"தபால் வந்திருந்துச்சாம்."

அவர் நீட்டிய உறையைப் பிரித்தேன். 'ஃபோர்மேன், இயந்திரப் பணிமனை, அரியலூர். முகாம்: பெரம்பலூர்' என்று என் பெயருக்கு. பார்வை என்ற இடத்தில் என் கடிதத்தின் எண்ணும் தேதியும். கோரப்பட்ட எண்ணெய்க் கண்ணாடி ஒன்று வழங்க அனுமதிக்கப்படுகிறது. பழைய கண்ணாடியை ஒப்படைத்துப் பெற்றுக்கொள்ளவும்.

கலியபெருமாளுக்குப் போன் போட்டேன். இப்போது காது கொஞ்சம் மந்தம், இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது.

"பார்வைல நம்ம லெட்டர் நம்பரப் போட்டிருக்காங்களா சார்?"

"போட்டிருக்காங்க."

"தேதி?"

"நாம அனுப்பின தேதிதாங்க. மிஷின் நிக்கிறதுக்கு முன்னாடி."

"அப்ப நாம சொன்னோம்னு அவங்களே எழுதிட்டாங்க." மூச்சு விடும் சத்தம் கேட்டது. "சரி. கண்ணாடிய வாங்கி அந்தப் பாய்கிட்டக் குடுத்துடுங்க சார், ஸ்பேரா வச்சிக்கட்டும். பழச அப்படியே நீட்டாதீங்க. தொடச்சிக் குடுங்க."

உதவியாளர் நோட்டை விரித்து நீட்டினார். "இங்க ஒரு கையெழுத்து சார். தேதியும் போடுங்க. முற்பகலா பிற்பகலான்னும் எழுதச் சொன்னாங்க."

கையைத் துடைத்துக்கொண்டு எழுதினேன். ஜூன் முப்பது, பிற்பகல்.